நாற்பத்தைந்து ஐஸ்கிரீம் டப்பாக்களும் ஒரு மைக்ரோவேவும்

1

அடையாறில் இருக்கும் என் கல்லூரித் தோழி சுபா போன வாரம் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அவளுடைய மாமனார் மாமியாருக்கு மைக்ரோவேவ் வாங்கியிருக்கிறார்களாம். "உங்க அப்பாவுக்கு நீ ஒரு லிஸ்ட் எழுதிக் குடுத்தியேடி, அத அப்படியே எனக்கு அனுப்பு. பிரின்ட் எடுத்து சமையக்கட்டுல ஒட்டிடறேன்."

தேடி எடுத்தேன். பதினொரு வரிகள். அனுப்பியும் விட்டேன். பிறகு படித்துப் பார்த்தால், ஒவ்வொரு வரியும் ஏன் வந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று தோன்றியது. 'தங்கக் கோடு போட்ட பாத்திரம் கூடாது' என்பது எந்தக் கையேட்டிலும் ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். எங்கள் வீட்டுக்கு அது தீப்பொறியோடு வந்தது. 'ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதே' என்ற வரி எந்தக் கையேட்டிலும் இருக்காது. எனவே காரணங்களையும் எழுதிவைக்கிறேன்.

2

நான் நெதர்லாந்தில், ஐந்தோவன் நகரத்தில் இருக்கிறேன். வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இயந்திரங்களைச் சோதித்துப் பார்த்துக் குறை எழுதுவது வேலை. இங்கே மதியம் பன்னிரண்டு மணிக்கு டச்சுக்காரர்கள் இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே பாலாடைக்கட்டி வைத்துப் பத்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். அலுவலகத்தில் மைக்ரோவேவுக்கு வரிசையில் நிற்பது நாங்கள்தான். தமிழர், துருக்கியர், சீனர், ஒரு பிரேசில் பெண். கையில் டப்பாவோடு நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருடைய அம்மாவுக்கு விசா வரவில்லை என்பதெல்லாம் தெரியவரும்.

விசா வராத அம்மாக்களில் என் அம்மாவும் ஒருத்தி. மூத்தவள் தியா பிறந்தபோது நடந்தது அது. அழைப்புப் படிவத்தில் நான் நகராட்சி அலுவலகத்தில் போய்க் கையெழுத்திட்டு முத்திரை வாங்க வேண்டும். அதற்கு முன்பதிவு. முன்பதிவுக்கு மூன்று வாரம். எல்லாம் முடிந்து சென்னையில் அம்மா விண்ணப்பத்தைக் கொடுத்தபோது ஒரு தாள் குறைகிறது என்றார்கள். விசா கைக்கு வந்த நாளில் தியாவுக்கு நாற்பது நாள் ஆகியிருந்தது. பிரசவத்துக்குக் கூட இருக்க முடியாததை அம்மா ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லாமலே இருந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது பிரசவத்துக்கு நான் ஒரு அட்டவணையே போட்டேன். எந்தத் தாள், யார் கையெழுத்து, எந்தத் தேதி. விசா நேரத்துக்கு வந்தது. எண்பத்தெட்டு நாளுக்கு அம்மா கிளம்பினாள். அப்பாவுக்கு முதுகில் தட்டு விலகியிருக்கிறது, விமானத்தில் அத்தனை மணி நேரம் உட்கார முடியாது. ஆகவே மந்தைவெளி வீட்டில் அவர் தனியாக. கல்யாணமாகி முப்பத்துநான்கு ஆண்டுகளில் முதல்முறையாக.

3

அப்பா மின்சாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எந்த சாமானையும் பயன்படுத்தி முடித்த கையோடு சுவரில் ஸ்விட்சை அணைத்துவிடுவார். அடுப்பை அணைக்கத்தான் மறந்துவிடுவார். இரண்டு முறை பால் பாத்திரம் கரியாகிவிட்டது. அதனால் அம்மா கிளம்பும்போது ஒரே நிபந்தனை போட்டாள். "நான் வர்ற வரைக்கும் கேஸ் பக்கமே போகக்கூடாது. சிலிண்டர் வால்வை மூடிட்டுத்தான் போறேன்."

சோறு மின்சாரக் குக்கரில் வைப்பார், அது அவருக்குக் கைவந்தது. குழம்புக்கும் பொரியலுக்கும் மைக்ரோவேவ். முந்தைய விடுமுறையில் நான் வாங்கி வைத்தது. அதை அம்மா ஒரு நல்ல அலமாரியாக நடத்திக்கொண்டிருந்தாள். எறும்பு வராது என்று உள்ளே முறுக்கு, ரஸ்க். மேலே பின்னல் துணி, அதன்மேல் அப்பாவின் மாத்திரை டப்பா, வாரப் பத்திரிகைகள். காற்று போகும் துளைகள் அத்தனையும் மூடிக் கிடந்தன. என் லிஸ்டின் முதல் வரி அங்கேதான் பிறந்தது. மேலேயும் பின்னாலேயும் காற்றோட்டம் வேண்டும், துணி கூடாது, பத்திரிகை கூடவே கூடாது.

இரண்டாவது வரியை அப்பாவே எழுதச் சொன்னார். "எழுதிக்கோ வித்யா. பவர் ப்ளக்லதான் குத்தணும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல குத்தறவன் மனுஷனே இல்ல."

அம்மா பத்து நாள் சமைத்தாள். சாம்பார், வத்தக்குழம்பு, கூட்டு, பீன்ஸ் பொரியல். வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த ஐஸ்கிரீம் டப்பாக்களில் அடைத்து, நாள் எழுதி, உறைபெட்டியில் அடுக்கினாள். நாற்பத்தைந்து. ஒரு நாளைக்கு ஒன்று, தீர்ந்ததும் தெருமுனை மெஸ்ஸில் வாங்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. நங்கநல்லூர் அத்தை தன் வீட்டுக்கு வந்து தங்கச் சொன்னதற்கு அப்பா, "எனக்கு என்ன கை கால் இல்லையா?" என்று கேட்டுவிட்டார்.

4

அம்மா ஐந்தோவனுக்கு வந்த இரண்டாவது வாரம். எனக்கு முப்பத்தேழாவது வாரம். இங்கே காலை ஒன்பது, அங்கே மதியம் பன்னிரண்டரை. அப்பாவின் வீடியோ அழைப்பு வந்தது. திரையில் அப்பா இல்லை. சமையலறைக் கூரை தெரிந்தது. பிறகு ஒரு கை. பிறகு தணிகாசலம் அண்ணன் முகம்.

தணி அண்ணன் அப்பாவோடு வேலை பார்த்தவர். கோடம்பாக்கத்தில் வீடு. அப்பாவுக்குத் துணையாக வாரம் இரண்டு முறை வருகிறவர்.

"அண்ணே, என்னாச்சு? அப்பா எங்க?"

"ஒண்ணியும் இல்ல பாப்பா. சார் நல்லாத்தான் கீறாரு. உள்ள தீவாளி கொண்டாடிட்டாரு, அவ்ளோதான்."

அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "தீபாவளியா? என்னங்க பண்ணினீங்க?"

அப்பா மெதுவாகத் திரைக்குள் வந்தார். "வித்யா சொன்னபடிதான் பண்ணினேன். எவர்சில்வர் கூடாதுன்னா. இத்தன நாள் பிளாஸ்டிக் டப்பாவோடவே வெச்சேன், அதுவும் கூடாதுன்னு நேத்து சொன்னா. கண்ணாடியில மாத்தி வெக்கச் சொன்னா. வெச்சேன்."

"எந்தக் கண்ணாடி?"

தணி அண்ணன் ஒரு கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார். விளிம்பில் இரண்டு தங்கக் கோடு. என் கல்யாண வரவேற்பில் அப்பாவின் அலுவலக நண்பர்கள் கொடுத்தது. முன்னறை ஷோகேஸில், விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று அம்மா வைத்து, எந்த விருந்தாளிக்கும் எடுக்காதது.

குற்றம் என்னுடையதுதான். எங்கள் வீடுகளின் சமையலறையில் தட்டு, தம்ளர், கரண்டி, சல்லடை வரை அத்தனையும் எவர்சில்வர். அங்கே போய்க் 'கண்ணாடியில் வை' என்று சொன்னால், மனிதர் ஷோகேஸுக்குத்தான் போவார். அந்தத் தங்கக் கோடு உலோகப் பூச்சு. அது நுண்ணலையில் பொறி கக்கும். இதை ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"பொறி பறந்ததும் கதவைத் தொறந்தீங்களா?" என்று கேட்டேன்.

"தொறப்பனா? சுவத்துல ஸ்விட்ச அணைச்சேன். ப்ளக்கப் புடுங்கினேன். கதவை மூடியே வெச்சிருந்தேன்."

அது முழுக்கச் சரி. வேறு யாராக இருந்தாலும் முதலில் கதவைத் திறந்திருப்பார்கள். உள்ளே தீயே பிடித்திருந்தாலும் மூடிய கதவுக்குள் காற்றில்லாமல் அது அணைந்துவிடும். நான் பாராட்டி முடிப்பதற்குள் தணி அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"பின்னால கழட்டி ஒருவாட்டி பாத்துர்லாம் சார். ப்ளக்குதான் புடுங்கிக்கீதே."

"வேண்டாம்!" நான் போட்ட சத்தத்தில் வயிற்றுக்குள் குழந்தை உதைத்தது. "அண்ணே, உள்ள ஒரு கப்பாசிட்டர் இருக்கு. ப்ளக்கப் புடுங்கினாலும் கரண்ட் அதுல நிக்கும். ஆளையே தூக்கிடும்."

"இன்னா பாப்பா, நான் டிரான்ஸ்ஃபார்மரையே கழட்டி மாட்னவன்."

"டிரான்ஸ்ஃபார்மர்ல எர்த் அடிச்சு மிச்சக் கரண்ட்ட எறக்காம கை வைப்பீங்களா?"

அவர் ஸ்க்ரூ டிரைவரைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். "உம் பொண்ணு உன்னவிட விவரம் சார். கிளாஸுன்னா நீ கல்யாண சபையில வெக்கிற கிளாஸ இட்டாந்து வெச்சுக்கினியே."

அப்பா சிரித்தார். தணி அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அழைப்பு முடிந்ததும் போனை மேஜைமேல் வைத்துவிட்டு, "எனக்கு டிக்கெட்ட மாத்திக் குடு," என்றாள்.

5

நான் எதையும் பட்டியல் போட்டுத்தான் யோசிப்பேன். அன்றைக்கும் போட்டேன். அம்மா போய்விட்டால்: தியாவை யார் பார்ப்பது, வலி வந்தால் என் கணவர் கார்த்திக் யாரோடு இருப்பது, முதல் பிரசவம் மாதிரியே இதுவும் ஆகிவிடுமா. அம்மா இருந்துவிட்டால்: அப்பா. ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு எதிரே மற்ற மூன்றும் நிற்கவில்லை. அவர் தீப்பொறிக்கு முன்னால் தனியாக நின்றது என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"மூணு நாள் குடும்மா," என்றேன். "மூணு நாள் அப்பா சாப்பாட்ட சூடு பண்றத நாம பாப்போம். உனக்குத் திருப்தியில்லன்னா நானே டிக்கெட் போடறேன்."

அம்மா ஒப்புக்கொண்டாள். தணி அண்ணன் தியாகராய நகரில் சாதாரணக் கண்ணாடிக் கிண்ணங்கள் இரண்டு வாங்கி வந்தார். கோடு இல்லை, பூ இல்லை. பாத்திரக் கடைக்காரரிடம், "மைக்ரோவேவ் தாங்கறதா குடு, நைனா, சாருக்கு ஏற்கனவே ஒருவாட்டி பத்திக்கிச்சு" என்று சொல்லி வாங்கினாராம்.

முதல் நாள் சாம்பார். டப்பாவின் அடியைத் தண்ணீரில் காட்டி, கட்டியைக் கிண்ணத்தில் கவிழ்த்து, ஐந்து நிமிடம் வைத்தார். ஓரம் கொதித்துத் தெறித்தது, நடுவில் பனிக்கட்டி. அப்பா கரண்டியால் அதைத் தட்டிக் காட்டினார். "உள்ள கல்லு இருக்கு."

இதற்குக் காரணம் இருக்கிறது. நுண்ணலை வெளியிலிருந்து ஓர் அங்குலம்தான் உள்ளே நுழையும். அதற்குமேல், சூடு மெல்லப் பரவினால்தான் உண்டு. ஆகவே நேரத்தைப் பிரித்துச் சொன்னேன். முதலில் குறைந்த சக்தியில் உருக விட வேண்டும். எடுத்துக் கிளறி, பிறகு முழுச் சக்தியில் இரண்டு நிமிடம். மறுபடி கிளறல். கடைசியில் கதவைத் திறக்காமல் இரண்டு நிமிடம் சும்மா விட வேண்டும். மேலே மூடி வேண்டும், ஆனால் இறுக்கமாக வேண்டாம், ஆவி போக ஓரத்தில் இடம் இருக்க வேண்டும்.

"சும்மா விடறதுதான் கஷ்டம்," என்றார் அப்பா. "பசிக்குதே."

இரண்டாம் நாள் பீன்ஸ் பொரியலும் மிச்சச் சோறும். சோற்றைக் குவித்து வைக்காமல் தட்டில் பரப்பி, நடுவே குழி விடச் சொன்னேன். "மெதுவடை மாதிரிப்பா." தண்ணீர் தெளித்து மூடினார். சோறு அப்போதுதான் வடித்தது போல வந்தது. அம்மா திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அந்தப் பக்கம் மணி அடித்ததும் இந்தப் பக்கம் தியா, "க்ளார்!" என்று கத்தினாள். ஆயிற்று என்பதற்கு டச்சுச் சொல். அவளுக்கு மைக்ரோவேவ் என்றால் புரியாது. பள்ளியில் சொல்வது போல 'மாக்னெட்ரான்' என்றால்தான் புரியும். தாத்தாவிடம் பேச அவளுக்கு நான்கைந்து தமிழ் வாக்கியங்களுக்குமேல் இல்லை. அந்த மூன்று நாளும், சுற்றும் தட்டைப் பார்த்துக்கொண்டு இருவரும் சேர்ந்து நொடிகளை எண்ணினார்கள். அவள் டச்சில், அவர் தமிழில்.

6

மூன்றாம் நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வத்தக்குழம்பு ஆவி பறந்தது. அப்பளத்தை எண்ணெயே இல்லாமல் ஒரு நிமிடம் வைத்து, அது பொரிவதைப் பெருமையோடு காட்டினார். அம்மாவின் முகம் இளகுவதைப் பார்த்தேன். அப்போது மிச்சக் குழம்பை எடுத்துக்கொண்டு அப்பா உறைபெட்டியைத் திறந்தார். போன் அவருடைய இடது கையில் இருந்ததால் உள்ளே முழுதாகத் தெரிந்தது.

அம்மா போனைப் பக்கத்தில் இழுத்தாள். "அத அப்படியே காட்டுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மூன்று தட்டும் நிறைந்திருந்தன.

"நான் வந்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு," என்றாள் அம்மா. "முப்பது டப்பாவுக்குக் கீழ இருக்கணும். இதென்ன, நாப்பது இருக்கும் போலிருக்கே?"

"முப்பத்தெட்டு. அதுல ஏழு பாதி எடுத்தது," என்றார் அப்பா.

"அப்ப என்னத்த சாப்ட்டீங்க?"

"சாப்ட்டேனே. ஒரு டப்பா ரெண்டு நாள் வரும். சில நேரம் மூணு நாள். சூடு பண்ணி, வேணுங்கறத எடுத்துக்கிட்டு, மிச்சத்தத் திரும்ப உள்ள வெச்சிடுவேன். நடுவுல ரொட்டி சாப்பிடுவேன்."

உருக்கி, முழுவதையும் சூடாக்கி, மறுபடி உறைய வைத்து, அதையே மறுநாளும் மறுபடி சூடாக்குவது. சென்னைச் சித்திரை வெயிலில், மின்விசிறிக்குக் கீழே ஆறவைத்து. அறுபத்தேழு வயது மனிதர். என் லிஸ்டில் இது இல்லவே இல்லை. சாப்பிட வேண்டியதைச் சாப்பிடாமல் இழுத்து இழுத்து வைத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவேயில்லை.

"அப்பா, ஒருமுறை சூடு பண்ணினத மறுபடி உறைய வெக்கக்கூடாது. உடம்பு கெட்டுடும்."

"ஒண்ணும் கெடல."

"ஏங்க இப்படிப் பண்றீங்க?" என்றாள் அம்மா. "தீந்தா மெஸ்ல வாங்கிக்கலாம்னுதானே சொன்னேன்?"

அப்பா உறைபெட்டிக் கதவை மூடினார். போனை எங்கோ நிற்க வைத்தார் போல, அவர் தோளும் ஜன்னலும் தெரிந்தன. "மெஸ்ல வாங்கிக்கலாம் சாந்தா. ஆனா இது தீந்து போயிடும்ல."

"நான் வந்துடறேன். வித்யாவுக்குக் கார்த்திக் இருக்கார்," என்றாள் அம்மா.

அப்பா குரலை உயர்த்திப் பேசுகிறவர் இல்லை. அன்றைக்கு உயர்த்தினார். "வராதே. மூத்தவளுக்குத்தான் ஒரு தாளு இல்லன்னு உன்ன நிறுத்தினாங்க. இந்தத் தடவ நிறுத்தினது நான்னு ஆக வேணாம்."

தியா பயந்து என் முட்டியைக் கட்டிக்கொண்டாள். அப்பா உடனே குரலைத் தணித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "வித்யா, எழுதிக்கோ. இன்னிலேர்ந்து ஒரு நாளைக்கு ஒரு டப்பா. முழுசா. திறந்து சூடு பண்ணின ஏழும் குப்பைக்குப் போகுது, உங்கம்மா பாக்க, இப்பவே. தீந்தப்புறம் மெஸ் வேணாம். நானே பண்ணிக்கறேன். இதுலயே காய் வேகும்னு சொன்னியே, எப்படின்னு சொல்லு."

ஏழு டப்பாவையும் ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டுக் கொட்டினார். ஒவ்வொன்றும் போகும்போது அம்மா பெயர் சொன்னாள். சாம்பார். கூட்டு. சாம்பார். மிச்சம் முப்பத்தொன்று. டிக்கெட் பற்றி அதன்பிறகு அவள் பேசவில்லை.

7

அடுத்த இரண்டு வாரத்தில் லிஸ்ட் பதினொரு வரியானது. முழு முட்டையை வைக்காதே, வெடிக்கும். உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்தாமல் வைக்காதே. காய்ந்த மிளகாயை வறுக்காதே, வீடு முழுக்க இருமல். வெறுமனே ஓட்டாதே. மெஸ்ஸில் வாங்கினால் வெள்ளித்தாள் பொட்டலத்தை அப்படியே வைக்காதே. தண்ணீரை மட்டும் தனியாகக் கொதிக்கவிட்டு உடனே காப்பித்தூளைப் போடாதே, அது சட்டென்று பொங்கிக் கையைச் சுடும். அந்தத் தண்ணீருக்குள் ஒரு மரக்கரண்டியைப் போட்டு வை. கடைசியாக, தெறித்ததை அன்றைக்கே துடை. அதற்கு அப்பா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எலுமிச்சை மூடி போட்ட தண்ணீரை மூன்று நிமிடம் வைத்தால் கறை தானே நெகிழ்ந்துவிடுகிறதாம். எனக்கு அது புதிது.

மருத்துவச்சி சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகக் குழந்தை பிறந்தான். அம்மா என் தலைமாட்டில் நின்றாள். கார்த்திக் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியவற்றை எல்லாம் மறந்துவிட்டார். அம்மா தமிழில் திட்ட, மருத்துவச்சி டச்சில் தட்டிக்கொடுக்க, இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான் இருந்தது.

இந்த ஊரில் பிரசவத்துக்குப் பிறகு ஒரு செவிலி ஒரு வாரம் வீட்டுக்கே வருவார். அவர் ஒரு பெரிய நோட்டில் காய்ச்சல், எடை, எத்தனை முறை பால் என்றெல்லாம் எழுதுவார். எனக்கு அந்த நோட்டு மிகவும் பிடித்துப்போயிற்று. அவர் போன ஒரு மதியம், எடுத்து வைத்த பாலை அம்மா சீசாவோடு மைக்ரோவேவில் வைக்கப் போனாள். மேஜையில் சாய்த்து வைத்த போனில் அப்பா இருந்தார்.

"சாந்தா, அதுல வெக்காத!"

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"நடுவுல ஒரு சூடு, ஓரத்துல ஒரு சூடு இருக்கும். சீசா தொட்டா ஜில்லுனுதான் இருக்கும், புள்ள வாய் வெந்துடும். சுடுதண்ணியில நிக்க வை."

"எனக்கே சொல்லிக் குடுக்கறீங்களா?" என்றாள் அம்மா. ஆனால் சீசாவை வெளியே எடுத்துவிட்டாள்.

டப்பாக்கள் என்றைக்குத் தீர்ந்தன என்று அப்பா சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஒரு நாள் அழைத்தபோது அவர் பலகையில் எதையோ நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி மெதுவாகப் போனது. துண்டுகள் ஒன்றுபோல் இல்லை. பக்கத்தில் கிண்ணம், மூடி, ஒரு தம்ளர் தண்ணீர்.

"என்ன காய் அது?" என்று கேட்டாள் அம்மா.

"சௌசௌ. கோயில் குளத்தாண்ட வண்டியில வாங்கினேன். கூட்டு பண்ணலாம்னு. நேத்தும் பண்ணினேன், வேகல. முந்தாநாள் குழைஞ்சு போச்சு."

"உங்களுக்குத்தான் சௌசௌ ஆகவே ஆகாதே. இலையில வெச்சா ஒதுக்கி வெப்பீங்களே."

"எனக்கா பண்றேன்?" அப்பா நறுக்குவதை நிறுத்தவில்லை. "உனக்குப் புடிக்கும்ல. நீ வர்ற அன்னிக்கு சரியா வரணும்னுதான் தினம் பண்ணிப் பாக்கறேன்."

குழந்தை அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் அவனை மறு தோளுக்கு மாற்றினாள். முந்தானையைச் சரிசெய்தாள். அப்பா காயைக் கிண்ணத்தில் தள்ளிவிட்டுத் தம்ளரை எடுத்தார்.

"தண்ணி ஊத்தாதீங்க," என்றாள் அம்மா. "அது தானா விடும்."